குழாய் வீதிக்கு வந்துவிட்டது, வீட்டுக்கு வருவதற்கு என்ன வேண்டும்?

வலிகாமத்தில் இருக்கும் எங்கள் அம்மாவின் வீட்டுக்கு அருகே பிரதான வீதியோரமாகக் குழாய் புதைத்து முடித்தபோது, இனித் தண்ணீர் வந்துவிடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். விண்ணப்பப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, கையில் கொஞ்சம் பணம். இவ்வளவும் போதும் என்று எண்ணிக்கொண்டு அம்மாவை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் பணத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி வேறு.

“அம்மா, காணி யாற்ர பேரில இருக்கு?”

“என்ர அம்மாவின்ர பேரில, தம்பி.”

“அவா இருக்கிறாவோ?”

“அவா செத்துப் பதினாறு வருசம்.”

“அப்ப உரித்துக்காரர் எல்லாரும் கையெழுத்து வைக்கோணும் அம்மா.”

அம்மாவுக்கு ஒரு அக்கா, ஒரு தம்பி. பெரியம்மா கனடாவில், மாமா பிரான்சில். அம்மம்மாவின் காணி பிரிக்கப்படவும் இல்லை, புதிய உறுதி எழுதப்படவும் இல்லை. எழுதுவதற்கு எங்களுக்கு ஒரு தேவை வந்ததும் இல்லை. குழாய்நீர்தான் அந்தத் தேவையை முதன்முதலில் கொண்டுவந்தது.

அதன் பிறகு பல தடவை அலுவலகம் ஏறி இறங்கினேன். ஒரு வீட்டுக்கு நீர் இணைப்பு கிடைப்பதை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன என்பது அப்போதுதான் விளங்கியது. காணியின் பத்திரம், வீட்டுக்கும் பிரதான குழாய்க்கும் இடையிலான தூரம், நடுவே இருக்கும் வீதி யாருடையது என்பது. கட்டணம் இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது. விண்ணப்பிக்க இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று நான் அறிந்துகொண்டவற்றை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

தண்ணீர் தருவது யார்?

பலர் முதலில் குழம்புவது இங்கேதான். இலங்கையில் குழாய்நீர் வழங்குவது ஒரே நிறுவனம் அல்ல.

நாட்டின் பெரும்பாலான நகரங்களிலும் பெரிய திட்டங்களிலும் இந்தப் பொறுப்பு தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் இருக்கிறது. 1974 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்ட இந்தச் சபை 1975 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. இதைத் தவிர உள்ளூராட்சி மன்றங்களுக்கும் நீர் வழங்கும் அதிகாரம் உண்டு. கண்டி, நுவரெலியா மாநகர சபைகள் தங்கள் எல்லைக்குள் தாங்களே நீர் வழங்குகின்றன. யாழ்ப்பாண மாநகர சபையும் கோண்டாவில் பகுதிக் கிணறுகளில் இருந்து நீரை எடுத்து நகரத்துக்கு வழங்கிவந்தது. கிராமங்களில் பாவனையாளர்களே சேர்ந்து நடத்தும் சமூக அடிப்படை அமைப்புகள் இருக்கின்றன. அவற்றுக்குத் துணையாகத் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் இயங்குகிறது.

இந்த மூன்றுக்கும் கட்டணம் வேறு, படிவம் வேறு, விதிகளும் வேறு. அயலூரில் இருக்கும் உறவினர் கட்டிய தொகையை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள். உங்கள் வீதியில் புதைக்கப்பட்ட குழாய் எந்த நிறுவனத்துடையது என்பதை முதலில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். நீர் வழங்கல் சபையின் குழாய் என்றால் 1939 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். இனி இந்தக் கட்டுரையில் நான் சொல்பவை பெரும்பாலும் சபையின் இணைப்புகள் பற்றியவை.

கிணறு இருக்க எதற்குக் குழாய்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையில் தங்கும் மழைநீரைத்தான் தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டிக் குடித்துவந்தோம். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறுகிறது. தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழிக் கழிவும் அதே பாறை வெடிப்புகள் வழியாக இறங்குவதால் நைத்திரேற்று கூடுகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நைத்திரேற்றைக் கண்ணால் காண முடியாது, நாக்கிலும் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது.

சுன்னாகத்தில் நடந்தது இதைவிட மோசம். மின் உற்பத்தி நிலையத்துக் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது தொடர்பான வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உற்பத்தி நிறுவனத்துக்கு உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது.

குடாநாட்டுக்குப் பெரிய அளவில் குழாய்நீர் கொண்டுவருவதற்கான யாழ்ப்பாணம் - கிளிநொச்சித் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 ஆம் ஆண்டின் இறுதியில் நிதி ஒப்புதல் அளித்தது. இரணைமடுக் குளத்து நீரை எடுப்பதே முதல் எண்ணம். கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் வயல்களுக்கு நீர் போதாது போகும் என்று எதிர்த்தார்கள். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு கடல்நீரைக் குடிநீராக்குவது என்று முடிவானது. வடமராட்சி கிழக்கு தாளையடியில் கட்டப்பட்ட அந்த நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர், அதாவது 2 கோடியே 40 இலட்சம் லீற்றர் நீரை உற்பத்தி செய்யும் கொள்ளளவு அதற்கு உண்டு.

இவ்வளவு செலவழித்துக் கடலில் இருந்து எடுத்த தண்ணீர் கடைசி இருபது மீற்றரில், ஒரு கையெழுத்துக்காக நின்றுவிடக்கூடாது என்பதே என் கவலை.

என்னென்ன பத்திரங்கள்?

பொதுவாகக் கேட்கப்படுபவை இவை: பூர்த்தி செய்த விண்ணப்பப் படிவம், தேசிய அடையாள அட்டைப் பிரதி, காணிக்கும் வீட்டுக்கும் உரிமையைக் காட்டும் உறுதியின் பிரதி, உள்ளூராட்சி மன்றத்தின் சோலைவரிப் பற்றுச்சீட்டு அல்லது ஆதன மதிப்பீட்டு அறிவித்தல், வதிவை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தரின் கடிதம். கடைகள், விடுதிகள், கட்டப்பட்டுவரும் வீடுகளுக்குக் கட்டட அனுமதி அல்லது வரைபடமும் தேவைப்படலாம்.

எங்கள் ஊர்களில் சிக்கல் உறுதியில்தான். நான் பார்த்த அளவில் அது நான்கு வகையாக வருகிறது.

முதலாவது, எங்கள் வீட்டைப் போல இறந்தவர் பெயரில் இருக்கும் பிரிக்கப்படாத காணி. இதற்கு மற்ற உரித்தாளர்களின் எழுத்து மூலச் சம்மதம் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் கையொப்பமிட்டு அனுப்பலாம், அல்லது இங்குள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்கலாம். எங்களுக்குச் சம்மதக் கடிதங்களும் இறப்புச் சான்றிதழும் அம்மாவின் சத்தியக்கடதாசியும் போதுமாயிருந்தன. எல்லா அலுவலகங்களிலும் அதுவே போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என்ன கடிதம், எந்த வாசகம் என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுங்கள். பெரியம்மாவிடம் நாங்கள் இரண்டு தடவை கடிதம் கேட்க வேண்டி வந்தது. முதற்கடிதத்தில் காணியின் பெயர் இருந்தது, உறுதி இலக்கம் இருக்கவில்லை.

இரண்டாவது, அரச காணி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்று இருப்பவர்களிடம் உறுதி இருக்காது. அவர்கள் அனுமதிப்பத்திரத்தின் பிரதியுடன், தேவைப்பட்டால் பிரதேச செயலகத்தின் உறுதிப்படுத்தல் கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, போரில் உறுதி தொலைந்தவர்கள். உறுதி எழுதிய நொத்தாரிசு பிரதியை வைத்திருக்கக்கூடும். காணிப் பதிவகத்தில் பதிவான உறுதி என்றால் அங்கே உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். இதற்கு நாள் பிடிக்கும். ஆகவே குழாய் புதைக்கத் தொடங்கும்போதே இந்த வேலையையும் தொடங்கிவிடுவது நல்லது.

நான்காவது, வாடகைக்கு இருப்பவர்கள். உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் அவர்கள் பெயரில் இணைப்பு பெறுவது கடினம். வீட்டுக்காரர் தன் பெயரில் இணைப்பு எடுத்து, வாடகைக்காரர் பட்டியலைக் கட்டுவதே வழமை. அப்படியானால் மாதாந்தம் கட்டிய பற்றுச்சீட்டுகளை வாடகைக்காரர் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.

கட்டணம் எதற்கெல்லாம்?

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் ஒரு உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். பிரதான குழாய் எங்கே, வீடு எங்கே, மீற்றர் எங்கே வைப்பது என்று அளப்பார். அதன் பிறகு மதிப்பீடு தருவார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒழுங்கைக்குள் முதலாவதாக இருக்கும் வீட்டுக்கும் வந்த தொகைகளுக்கு இடையில் பெரிய வித்தியாசம் இருந்தது. அம்மா அநியாயம் என்றா. ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோது காரணம் விளங்கியது.

மதிப்பீட்டில் வருபவை பெரும்பாலும் இவை. மீற்றர், அதன் பொருத்துகள், வால்வு ஆகியவற்றுக்கான தொகை. பிரதான குழாயில் இருந்து மீற்றர் வரையான சேவைக் குழாயின் செலவு. கிடங்கு வெட்டி மூடுவதற்கான கூலி. வீதியைப் பழையபடி திருத்துவதற்கான தொகை. இவற்றோடு வரிகள்.

முதலாவது எல்லா வீட்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மற்றவை தூரத்தோடு ஏறும். பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது வீதி.

ஆகவே மொத்தத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பகுதி பகுதியாகப் பிரித்து எழுதிய மதிப்பீட்டைக் கேளுங்கள். அது எத்தனை நாளுக்குச் செல்லுபடியாகும் என்றும் கேளுங்கள். கட்டணங்கள் திருத்தப்படும்போது பழைய மதிப்பீட்டை அலுவலகம் ஏற்காமல் போகலாம். ஒரே தடவையில் கட்ட வசதி இல்லாதவர்கள் தவணை முறை உண்டா, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சலுகை உண்டா என்று விசாரிக்க வேண்டும். வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டங்களில் தொடக்கக் காலத்தில் விண்ணப்பிப்பவர்களுக்குச் சலுகை கொடுப்பதும் உண்டு. பணத்தை அலுவலகத்தில் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். இடையில் நிற்பவர் எவரிடமும் கொடுக்க வேண்டாம்.

நடுவில் இருக்கும் வீதி

எங்கள் ஒழுங்கை பிரதேச சபைக்குரியது. பிரதான வீதி வேறு நிறுவனத்துடையது. குழாயோ வீதியின் மறுகரையில். ஆக எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வர இரண்டு அனுமதிகள் வேண்டியிருந்தன.

ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்துக்கு. உள்ளூர் வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கு. எந்த வீதியை வெட்டுகிறோமோ அதன் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, திருத்தச் செலவைக் கட்ட வேண்டும். மண் ஒழுங்கையை வெட்டுவதும் காப்பற் வீதியை வெட்டுவதும் ஒரே விலை அல்ல.

தனியார் ஒழுங்கை என்றால் நிலைமை வேறு. உறுதியில் “வழிவாய்க்கால் உரிமை” என்று எழுதியிருந்தாலும், குழாய் புதைப்பதற்கு ஒழுங்கைக் காணிக்காரரின் சம்மதக் கடிதம் கேட்கக்கூடும். அயலவருடன் பகை இருந்தால் இந்த இடத்தில்தான் அது வெளியே வரும். குழாய் வருவதற்கு முன்னரே பேசித் தீர்ப்பது நல்லது.

எங்கள் ஒழுங்கையில் நாங்கள் செய்தது ஒன்று பயன்பட்டது. நான்கு வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் விண்ணப்பித்து, வீதியை ஒரு தடவை மட்டும் வெட்டி ஒழுங்கைக்குள் ஒரு குழாயை நீட்டித் தரும்படி கடிதம் கொடுத்தோம். வீதி வெட்டும் செலவு நான்காகப் பிரிந்தது. ஒழுங்கை முகப்பு வீட்டுக்காரர் தனியாகக் கட்டத் தயாராக இருந்தவர். அவருக்கும் செலவு குறைந்தது. ஒரு வீதி நான்கு முறை வெட்டப்படாமல் தப்பியது.

மீற்றருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

மீற்றரும் அது வரையான குழாயும் வழங்குநரின் பொறுப்பு. மீற்றருக்கு உள்ளே வளவுக்குள் இருக்கும் குழாயும் அதில் ஏற்படும் ஒழுக்கும் உங்கள் பொறுப்பு. ஒழுகிப் போன தண்ணீருக்கும் பட்டியல் வரும். மாதத்தில் ஒரு தடவை இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீற்றரைப் பாருங்கள். முள் சுற்றிக்கொண்டிருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

மீற்றரை வாசிப்பவர் இலகுவாக வந்து பார்க்கும் இடத்தில் அது இருக்க வேண்டும். அதன் முத்திரையை உடைப்பதும், மீற்றருக்கு முன்னால் குழாய் பிரிப்பதும் சட்டப்படி குற்றம்.

கிணறும் மோட்டரும் இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு என்பதால் இரண்டு விடயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரதான குழாயில் இருந்து மோட்டர் பூட்டி நேரடியாக நீர் இழுக்கக்கூடாது. அப்படி இழுக்கும்போது அயல் வீடுகளுக்கு நீர் குறைவது மட்டுமல்ல, குழாயில் வெடிப்பு இருக்கும் இடத்தால் வெளியே நிற்கும் அழுக்கு நீரும் உள்ளே உறிஞ்சப்படும். அதேபோல் கிணற்றுக் குழாயையும் சபைக் குழாயையும் ஒன்றாகப் பொருத்தக்கூடாது. வால்வு போட்டிருக்கிறோம் என்பார்கள். வால்வு ஒருநாள் பழுதாகும், அன்று உங்கள் கிணற்று நீர் ஊராரின் குழாய்க்குள் போகும். இரண்டுக்கும் தனித் தாங்கி, தனிக் குழாய் வைப்பதே சரியான வழி. நாங்கள் குடிக்கவும் சமைக்கவும் குழாய்நீர், குளிக்கவும் கன்றுகளுக்கு ஊற்றவும் கிணற்று நீர் என்று பிரித்துவிட்டோம்.

மாதப் பட்டியல்

ஒரு அலகு என்பது ஒரு கனமீற்றர், 1,000 லீற்றர். ஐந்து பேர் உள்ள குடும்பம் மாதம் 20 அலகு பாவித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 133 லீற்றர். பட்டியலில் நிலையான சேவைக் கட்டணம் ஒன்றும் பாவனைக்கான கட்டணமும் இருக்கும். பாவனை கூடக் கூட ஒவ்வொரு அலகின் விலையும் ஏறும். வீடு, வழிபாட்டுத் தலம், பாடசாலை, வர்த்தக நிலையம் என்று வகைகள் பிரிக்கப்பட்டுள்ளன. உங்கள் வீடு தவறுதலாக வர்த்தக வகையில் பதியப்பட்டிருந்தால் ஒவ்வொரு மாதமும் கூடுதலாகக் கட்டுவீர்கள். முதல் பட்டியலிலேயே வகையைப் பாருங்கள்.

நிலுவை வைத்தால் இணைப்பைத் துண்டிப்பார்கள். மீண்டும் பெற நிலுவையோடு தனிக் கட்டணமும் கட்ட வேண்டும். இணைப்புள்ள வீட்டை வாங்குபவர்கள் உறுதி எழுதும் முன்னர் கடைசிப் பட்டியலைக் கேட்டு வாங்கி, நிலுவை இல்லை என்பதை அலுவலகத்தில் சரிபார்த்து, கணக்கைத் தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

மறுத்தால் என்ன செய்யலாம்?

முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன காரணம் அடுத்த தடவை போகும்போது மாறிவிடும். அடுத்த வழி, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, மதிப்பீடு எந்தக் கட்டண அட்டவணைப்படி போடப்பட்டது, எந்த விதியின் கீழ் பத்திரம் கேட்கப்பட்டது என்று அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் அறிவிக்க வேண்டும். பதில் இல்லை என்றால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

மின்சாரக் கட்டணம் மாறும்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். 2002 ஆம் ஆண்டின் ஆணைக்குழுச் சட்டத்தில் நீர்த்துறையும் குறிப்பிடப்பட்டுள்ளது. ஆனால் அதை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கொடுக்கத் தேவையான தனிச் சட்டம் நிறைவேற்றப்படவில்லை. ஆகவே நீர்க் கட்டணத்துக்கு அப்படியான சுயாதீன மேற்பார்வை இல்லை. இதைப் பற்றி நம் அரசியல்வாதிகள் பேசுவதும் குறைவு.

யார் கடைசியில் நிற்கிறார்கள்?

எங்கள் நான்கு வீடுகளில் மூன்றுக்கு இப்போது தண்ணீர் வருகிறது. நான்காவது வீட்டில் ஒரு அக்கா இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறா. கணவர் இல்லை. காணி கணவரின் சகோதரருடையது. அவர் எங்கே இருக்கிறார் என்று அந்த அக்காவுக்குத் தெரியாது. ஒழுங்கைக் குழாயின் செலவில் தன் பங்கைக் கட்டியிருக்கிறா. குழாய் அவவின் படலையைத் தாண்டித்தான் போகிறது. ஆனால் விண்ணப்பம் பத்திரத்தில் நிற்கிறது. ஒரு பரப்புக் காணியில் கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலசலகூடக் குழி. நாலு வீட்டிலும் குழாய்நீர் அதிகம் தேவைப்படுவது அவவுக்குத்தான்.

உரிமை இல்லாதவருக்கு இணைப்பைக் கொடுத்தால் பின்னர் காணி வழக்கில் அதையே சான்றாகக் காட்டுவார்கள் என்பது உத்தியோகத்தர்கள் சொல்லும் நியாயம். அதில் உண்மை இருக்கிறது. அதற்கு வழியும் இருக்கிறது. நீர் இணைப்பு காணி உரிமைக்குச் சான்றாகாது என்று உடன்படிக்கையிலேயே எழுதி, கிராம உத்தியோகத்தரின் வதிவுச் சான்றை வைத்துக் குடியிருப்பவருக்கு இணைப்பைக் கொடுக்கலாம். கட்டணத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் வைப்புப் பணம் கேட்கலாம். காணிப் பிணக்கு தீரும் வரை பிள்ளைகள் அந்தக் கிணற்றைக் குடிக்க வேண்டியதில்லை.

இப்போதைக்கு அந்த அக்கா காலையில் இரண்டு கலனோடு எங்கள் வீட்டுக்கு வருகிறா. அம்மா படலையைப் பூட்டுவதில்லை.